பாபலாவோ என்ன செய்கிறார்? யொரூபா சமயத்தில் குறி பார்ப்பவரும் பூசாரியும்

நைஜீரியாவின் இபாடான் நகரில் துணி வியாபாரம் செய்யும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்று மாதமாக வியாபாரம் படுத்துவிட்டது. கூட்டாளியை விலக்கிவிடலாமா, கடையையே வேறு சந்தைக்குக் கொண்டுபோகலாமா என்று குழம்புகிறார். ஒரு நாள் காலையில், தெரிந்தவர்கள் சொன்ன ஒரு வீட்டுக்குப் போகிறார். அங்கே பாயில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் விதை ஓடுகள் கோத்த ஒரு சங்கிலி கிடக்கிறது. அந்தப் பெண் ஒரு நைரா நோட்டை எடுத்து உதட்டருகே வைத்து, தன் கேள்வியை அந்த நோட்டிடம் முணுமுணுக்கிறார். பிறகு அதைச் சங்கிலியின் மேல் வைக்கிறார். கேள்வி என்னவென்று பெரியவர் கேட்பதில்லை.

அவர் ஒரு பாபலாவோ. 'மறைபொருளின் தந்தை' என்பது அச்சொல்லின் பொருள். கேள்வியே தெரியாமல் அவர் எப்படிப் பதில் சொல்லப்போகிறார்? இதைப் புரிந்துகொண்டால் யொரூபா சமயத்தைப் பற்றி உலவும் தவறான எண்ணங்களில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

யொரூபா மக்கள் நைஜீரியாவின் தென்மேற்கிலும், அதை அடுத்த பெனின், டோகோ நாடுகளிலும் வாழ்கிறார்கள். இன்று அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லது கிறிஸ்தவர்கள். ஆனாலும் பழைய சமயம் அழிந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர்களும் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவர்களும் சிக்கல் முற்றினால் பாபலாவோ வீட்டுக் கதவைத் தட்டுவதுண்டு.

சொற்கள் செய்த கேடு

தமிழில் இந்த மனிதரைப் பற்றி எழுதும்போது 'ஆப்பிரிக்க மந்திரவாதி' என்று எளிதாக எழுதிவிடுகிறோம். 'சூனியக்காரர்' என்று எழுதுவோரும் உண்டு. இரண்டும் தவறு. கண்ணுக்குத் தெரியாத தீய சக்திகள் தங்களைத் தாக்குகின்றன என்று அஞ்சுகிறவர்கள் காப்புத் தேடிப் போவதே பாபலாவோவிடம்தான். காவலரைத் திருடர் என்று அழைப்பதைப் போன்ற பிழை இது.

இந்தப் பழி நம்மிடம் தொடங்கியதன்று. 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் அஜாயி கிரவுதர் என்ற யொரூபாக்காரர் பைபிளைத் தம் தாய்மொழிக்குக் கொண்டுவந்தார். சிறுவயதில் அடிமையாகப் பிடிக்கப்பட்டு, மீட்கப்பட்டு, 1864இல் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்கப் பேராயர் ஆனவர் அவர். அவருடைய மொழித்தொண்டு மிகப் பெரியது. ஆனால் 'சாத்தான்' என்பதற்கு ஒரு யொரூபாச் சொல் தேவைப்பட்டபோது 'எஷு' என்ற பெயர் எடுக்கப்பட்டது. எஷு சாத்தான் அல்லர். படையலைத் தெய்வங்களிடம் கொண்டுசேர்க்கும் தூதர். நாற்சந்திகளில் நிற்பவர், மனிதர்களைச் சோதிப்பவர், குறும்புக்காரர். தபால்காரரின் பெயரைப் பிசாசுக்குச் சூட்டியதும் அவரிடம் கடிதம் கொடுத்த எல்லோரும் பிசாசின் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள். இன்றும் நைஜீரியாவில் 'எஷு சாத்தான் அல்லர்' என்று மரபுச் சமயத்தார் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலாகத் தெரியவில்லை. ஒரு சொல் ஒரு சமயத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்ட கதை இது.

முதலில் தெரிய வேண்டிய மூன்று

யார் எந்த வேலையைச் செய்கிறார் என்று பார்ப்பதற்கு முன் மூன்று பெயர்கள் தேவை.

எல்லாவற்றுக்கும் மேலான படைப்புக் கடவுள் ஒலொடுமரே. அவருக்கென்று கோயில் கட்டி நாள்தோறும் பூசை செய்யும் வழக்கம் இல்லை.

மனிதர்கள் நேரடியாக உறவாடுவது ஒரிஷாக்களோடு. ஒரிஷா என்றால் தெய்வம். அவர்கள் 401 பேர் என்று மரபு சொல்லும். எண்ணி முடியாத அளவு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். இடிக்கு ஷாங்கோ, இரும்புக்கு ஓகுன், ஆற்றுக்கும் மகப்பேற்றுக்கும் ஒஷுன், மனித உடலை வனைந்தவர் ஒபாதாலா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு களம் உண்டு. ஞானத்துக்கு ஒருன்மிலா. ஒலொடுமரே உலகைப் படைத்தபோது உடனிருந்து பார்த்த சாட்சி என்று அவரைச் சொல்வார்கள்.

மூன்றாவது பெயர் ஒரி. நேர்ப்பொருள் 'தலை'. சமயத்தில் அது ஒருவர் பிறக்கும் முன் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்த ஊழைக் குறிக்கிறது. ஒருவருடைய ஒரி சம்மதிக்காமல் எந்த ஒரிஷாவாலும் அவருக்கு உதவ முடியாது என்பது யொரூபாக்களின் உறுதியான நம்பிக்கை. தெய்வத்தைவிடத் தலை பெரிது!

பூசாரி: ஒரு தெய்வத்துக்கு உரியவர்

ஒரு பெரிய மருத்துவமனையை நினைத்துக்கொள்ளுங்கள். இதயத்துக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், குழந்தைகளுக்கு ஒருவர். யொரூபா ஊரிலும் எல்லாத் தெய்வங்களுக்கும் பொதுவான பூசாரி என்று ஒருவர் இல்லை. ஒவ்வொரு ஒரிஷாவுக்கும் தீட்சை பெற்ற தனிக் குழு உண்டு. அந்தக் குழுவில் உள்ளவர் ஒலோரிஷா. 'ஒரிஷாவை உடையவர்' என்று பொருள். ஆணானால் பாபலோரிஷா, பெண்ணானால் இயலோரிஷா. பாபா என்றால் தந்தை, இயா என்றால் தாய்.

அவர்கள் சன்னிதியைப் பராமரிக்கிறார்கள், படையல் வைக்கிறார்கள், தெய்வத்தின் புகழ்ப்பாடல்களை மனத்தில் சுமக்கிறார்கள், ஆண்டுத் திருவிழாவை நடத்துகிறார்கள். தெய்வத்துக்கு ஆகாததைத் தாங்களும் விலக்குகிறார்கள். ஒபாதாலாவின் அடியார்கள் வெள்ளை உடுத்துவார்கள், பனங்கள்ளைத் தொடமாட்டார்கள். அவர்களுடைய தெய்வம் ஒருமுறை கள் மயக்கத்தில் தன் பணியில் தவறிவிட்டது என்பது புராணம்.

ஷாங்கோவின் பூசாரிகளிடம் இந்த உறவு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஷாங்கோ ஓயோ நாட்டின் பழங்கால அரசர், இறந்தபின் இடியின் தெய்வமானவர் என்பது மரபு. ஒரு வீட்டில் இடி விழுந்தால் முன்பெல்லாம் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஷாங்கோவின் பூசாரிகள் வந்து சடங்கு செய்தாக வேண்டும். இவர்களில் தெய்வம் இறங்கும் உடலாக விளங்குபவருக்கு எலெகுன் என்று பெயர். 'ஏறப்படுபவர்' என்று பொருள். குதிரைமேல் வீரன் ஏறுவதுபோல் தெய்வம் அவர்மேல் ஏறுகிறது. 'சாமியாடி' என்ற தமிழ்ச் சொல் இதற்கு மிக அருகில் வருகிறது. ஆணாகவே இருந்தாலும் அவர் மணப்பெண்ணைப்போல் தலைமுடியைப் பின்னிக்கொள்வார். தெய்வத்தை ஏற்றவர் தெய்வத்தின் மனைவி என்ற எண்ணம் அதில் அடங்கியிருக்கிறது.

ஒஷோக்போ நகரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் ஒஷுன் விழா நடக்கிறது. மணமாகாத ஒரு பெண், அருக்பா என்ற பட்டத்தோடு, ஊரின் படையலைத் தலையில் சுமந்து காட்டின் வழியே ஆற்றங்கரைக்கு நடப்பார். பூசாரிகளும் அரசரும் ஊரும் பின்தொடர்வார்கள். அவர் தடுக்கி விழாமல் போய்ச் சேர வேண்டுமே என்று ஆயிரம் கண்கள் அவர் பாதங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் புனிதக் காட்டை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பூசாரி ஒரு குறிப்பிட்ட தெய்வத்தோடு வாழ்நாள் உறவில் இருப்பவர். ஊருக்கும் அந்தத் தெய்வத்துக்கும் இடையிலான பாதையை அவர் திறந்து வைத்திருக்கிறார்.

பாபலாவோ: நினைவில் ஒரு நூலகம்

பாபலாவோவும் ஒரு பூசாரிதான். அவர் ஒருன்மிலாவின் பூசாரி. ஆனால் அவருடைய முதன்மையான வேலை வேறு. வந்தவரின் சிக்கல் எங்கிருந்து வருகிறது, அதற்கு யாரிடம் போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று கண்டறிவது. அதற்கு அவர் பயன்படுத்தும் முறைக்கும், அதில் அடங்கிய பாடல்களின் பெருந்தொகுப்புக்கும் இஃபா என்று பெயர்.

இஃபாவைப் புரிந்துகொள்ள ஒரு நூலகம் போதும். 256 அலமாரிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளக் குறி. ஒவ்வொரு அலமாரியிலும் ஏராளமான நூல்கள். நீங்கள் உள்ளே போகிறீர்கள், உங்களுக்கான நூல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. நூலகரும் தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்கக் கூடாது. எனவே அலமாரியைக் குலுக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த நூலகத்துக்குக் கட்டடம் இல்லை, தாள் இல்லை. எல்லா நூலும் ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கிறது.

256 எங்கிருந்து வருகிறது? ஒரு நாணயத்தைச் சுண்டினால் பூ அல்லது தலை, இரண்டு வாய்ப்பு. இரண்டு முறை சுண்டினால் 4, மூன்று முறை என்றால் 8. எட்டு முறை சுண்டினால் வரக்கூடிய வரிசைகள் சரியாக 256. இஃபாவும் இதைத்தான் செய்கிறது, நாணயம் இல்லாமல்.

நிதானமான, பெரிய காரியங்களுக்கான முறையில் 16 எண்ணெய்ப்பனைக் கொட்டைகள் வேண்டும். அவற்றுக்கு இகின் என்று பெயர். பாபலாவோ எல்லாவற்றையும் ஒரு கையில் வைத்து மறு கையால் ஒரே பிடியாக அள்ளுவார். கொட்டைகள் பெரியவை, கை சிறியது. ஒன்றோ இரண்டோ பிடிபடாமல் தங்கிவிடும். ஒன்று தங்கினால் இரண்டு கோடு, இரண்டு தங்கினால் ஒரு கோடு. எதுவுமே தங்காவிட்டாலோ இரண்டுக்கு மேல் தங்கினாலோ அந்தப் பிடி செல்லாது. விளிம்பில் எஷுவின் முகம் செதுக்கிய மரத்தட்டில் மரப்பொடியைப் பரப்பி, அதில் விரலால் அந்தக் கோடுகளைப் போடுவார். வலப்பக்கம் நான்கு, இடப்பக்கம் நான்கு என எட்டு இடங்கள் நிரம்பியதும் குறி முழுமையாகிவிடும்.

அன்றாடக் கேள்விகளுக்கு இவ்வளவு நேரம் ஆகாது. தொடக்கத்தில் பார்த்த சங்கிலி அதற்குத்தான். அதன் பெயர் ஒபெலே. எட்டு விதை ஓடுகள் கோத்தது. எறிந்தால் ஒவ்வோர் ஓடும் மல்லாந்தோ கவிழ்ந்தோ விழும். ஒரே வீச்சில் எட்டு இடமும் நிரம்பிவிடுகிறது.

இப்படிக் கிடைக்கும் எட்டிடக் குறிக்கு ஒடு என்று பெயர். இடமும் வலமும் ஒன்றுபோல் அமைந்த 16 ஒடுக்கள் மூத்தவை. எட்டும் ஒற்றைக் கோடாக வந்தால் எஜி ஓக்பே, எல்லாவற்றிலும் மூத்தது. எட்டும் இரட்டைக் கோடாக வந்தால் ஒயேகு மேஜி. மற்ற 240 ஒடுக்கள் இந்தப் பதினாறு பேரின் பிள்ளைகள். ஆம், பிள்ளைகள்தான். ஒடுக்களை யொரூபாக்கள் உயிருள்ளவர்களாக, குணமும் பிடிவாதமும் உள்ளவர்களாகவே பேசுவார்கள்.

குறிக்கும் பதிலுக்கும் இடையில்

பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். ஒடு விழுந்தவுடன் 'உங்கள் வியாபாரம் அடுத்த மாதம் சரியாகிவிடும்' என்று பாபலாவோ சொல்வதில்லை. அவர் பாடத் தொடங்குகிறார்.

ஒவ்வொரு ஒடுவுக்கும் உரிய பாடல்களுக்கு எசே என்று பெயர். ஒவ்வோர் எசேயும் ஏறக்குறைய ஒரு பழைய வழக்கின் பதிவு. முற்காலத்தில் இன்ன பாபலாவோ இன்னாருக்குக் குறி பார்த்தார். அவருக்கு இன்ன சிக்கல் இருந்தது. இன்ன படையல் வைக்கச் சொன்னார்கள். அவர் வைத்தார் அல்லது வைக்கவில்லை. பிறகு இப்படி நடந்தது. அந்தப் பழைய மனிதர் அரசராக இருக்கலாம், ஆமையாக இருக்கலாம், ஒரு மரமாகவோ ஒரு தெய்வமாகவோகூட இருக்கலாம். தெய்வங்களும் குறி கேட்கப் போவார்கள் என்பது எனக்கு இந்தச் சமயத்தில் மிகவும் பிடித்த கருத்து.

பாபலாவோ ஒன்றன்பின் ஒன்றாகப் பாடிக்கொண்டு போகிறார். கேட்டுக்கொண்டிருக்கும் பெண் ஏதோ ஒரு பாடலில் நிமிர்கிறார். தன் கதையை அதில் அடையாளம் காண்கிறார். அந்த இடத்தில் அவர் நிறுத்தச் சொல்லலாம். ஆக, கேள்வி அவரிடம் இருந்தது, பதிலைக் கண்டுகொண்டதும் அவரே. கேள்வி தெரியாமலே பாபலாவோ எப்படிப் பதில் சொல்கிறார் என்று முதலில் கேட்டோமே, விடை இதுதான். முழுக் கதையையும் திறந்துகாட்டிய பிறகு, அதற்குமேல் வேண்டுமானால் இருவரும் கேள்வியைப் பற்றிப் பேசுவார்கள்.

ஒகுண்டா மேஜி என்ற ஒடுவில் வரும் ஒரு கதையைச் சொல்கிறேன். ஒரிஷேகு, ஒரிலேமெரே, அஃபுவாபே என்று மூன்று நண்பர்கள் விண்ணுலகிலிருந்து பூமிக்குப் புறப்படுகிறார்கள். போவதற்கு முன் அஜாலா என்ற குயவரிடம் போய் ஆளுக்கு ஒரு தலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழியில் எங்கும் தங்காதீர்கள் என்று எச்சரிக்கை. முதல் இருவரும் விரைந்து போய், பார்வைக்கு அழகாக இருந்த தலைகளை எடுத்துக்கொண்டார்கள். அவை சரியாகச் சுடப்படாதவை. பூமிக்கு வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது, தலைகள் கரைந்து தேய்ந்தன.

ஒருன்மிலாவின் மகனான அஃபுவாபே மட்டும் தந்தையைப் பார்க்காமல் போகமாட்டேன் என்றான். அங்கிருந்த பாபலாவோக்கள் அவனுக்குக் குறி பார்த்து, உப்பும் சோழிப் பணமும் படைக்கச் சொன்னார்கள். அதில் ஒரு பங்கைக் கையோடு எடுத்துப் போகவும் சொன்னார்கள். வழியில் ஒரு வாயிற்காவலர் குழம்பில் சாம்பலைப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு உப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அஃபுவாபே உப்பைக் கொடுத்தான். நெகிழ்ந்துபோன காவலர் அஜாலாவின் வீட்டுக்கு வழிகாட்டினார். அங்கே குயவர் கடன்காரனுக்குப் பயந்து கூரைக்குள் ஒளிந்திருந்தார். அஃபுவாபே கையிலிருந்த சோழிகளால் அந்தக் கடனை அடைத்தான். கீழே இறங்கி வந்த குயவர், தலைகளைத் தட்டித் தட்டிப் பார்த்து, நன்றாகச் சுட்ட ஒன்றை அவனுக்கு எடுத்துக் கொடுத்தார். மழை அதை ஒன்றும் செய்யவில்லை.

பின்னால் பூமியில் அவன் செழித்தபோது மற்ற இருவரும் அழுதார்கள். எங்கே தேர்ந்தெடுத்தாய் என்று தெரிந்திருந்தால் நாங்களும் அங்கே போயிருப்போமே என்றார்கள். எல்லோரும் ஒரே இடத்தில்தான் எடுத்தோம், ஊழ்தான் ஒன்றாக இல்லை என்றான் அவன்.

படையல் என்பது லஞ்சம் இல்லை

பாடலுக்குப் பின் வருவது எபோ, அதாவது படையல். ஒரு சேவல், புறா, சேனைபோன்ற பெருங்கிழங்கு, செம்பனை எண்ணெய், கோலாக் கொட்டை, துணி, பணம் என்று பாடலுக்கு ஏற்ப மாறும். தேவைப்பட்டால் ஆடு. இதில் எஷுவுக்கு ஒரு பங்கு கட்டாயம் போக வேண்டும். பெரும்பாலும் அது நாற்சந்தியில் வைக்கப்படும்.

இதைக் கேட்டதும் 'கடவுளுக்கே லஞ்சமா?' என்று முகம் சுளிப்பவர்கள் அஃபுவாபேயின் கதையை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். அவன் கொண்டுபோன உப்பும் பணமும் யாரிடம் போய்ச் சேர்ந்தன? வழியில் தேவையோடு நின்ற இரண்டு பேரிடம். தன்னிடம் உள்ளதில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தவனுக்குத்தான் வழி திறக்கும் என்பது அந்தக் கதை சொல்லும் தர்மம். பல எபோக்களில் சமைத்த உணவு அக்கம்பக்கத்தாருக்குப் பகிரப்படுகிறது. நம் துணி வியாபாரிக்கும் ஒருவேளை இன்ன தெய்வத்தின் சன்னிதிக்குப் போங்கள் என்று சொல்லப்படலாம், அல்லது பகைகொண்ட உறவினரோடு சமாதானம் செய்யுங்கள் என்று சொல்லப்படலாம்.

இங்கேதான் இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. பாபலாவோ கண்டறிகிறார், தீர்வு ஒஷுனிடம் இருக்கிறது என்று தெரிந்தால் ஒஷுனின் பூசாரியிடம் அனுப்புகிறார். உடல்நோய் என்றால் ஒனிஷேகுன், அதாவது மூலிகை மருந்து செய்பவரிடம் அனுப்பலாம். பல பாபலாவோக்களுக்கு மூலிகையறிவும் உண்டு என்பதால் எல்லையை மிக அழுத்தமாகக் கோடு கிழித்துப் பார்க்க வேண்டாம். மருத்துவமனை ஒப்பீடு ஓரிடத்தில் உடைந்தும் போகிறது. மருத்துவர் உங்கள் உடலைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர். பாபலாவோவோ உங்கள் ஊழைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது, இஃபாவுக்குத்தான் தெரியும் என்றே சொல்வார்.

சுருக்கமாக: சங்கிலி ஒரு ஒடுவைத் தருகிறது, ஒடு பாடல்களைத் தருகிறது, வந்தவர் அவற்றில் தன் கதையைக் காண்கிறார், கதை எபோவைச் சொல்கிறது, எபோவை எஷு எடுத்துச் செல்கிறார்.

இந்தத் தலை எப்படி நிரம்புகிறது?

பெரும்பாலும் சிறுவயதிலேயே பயிற்சி தொடங்குகிறது. மாணவன் ஆசிரியரின் வீட்டிலேயே தங்கி, பெருக்கி, தண்ணீர் எடுத்து, பையைச் சுமந்து, கூடவே நடக்கிறான். முதலில் ஒடுக்களின் வடிவத்தைக் கண்ணால் பார்த்தவுடன் சொல்லக் கற்கிறான். பிறகு ஒவ்வொன்றுக்கும் உரிய பாடல்கள். பத்து ஆண்டுகள் ஆவது வழக்கம், அதற்கு மேலும் ஆகும். ஒவ்வோர் ஒடுவிலும் 16 பாடல்கள் என்று வைத்துக்கொண்டாலே 4,096 பாடல்கள். பல பாபலாவோக்களுக்கு வாழ்நாள் முழுவதும் படிப்பு முடிவதில்லை.

பாடலில் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்பது விதி. பாபலாவோக்கள் தங்களுக்குள் அடிக்கடி கூடி ஓதுவார்கள். ஒருவர் தவறாக ஓதினால் மற்றவர்கள் அங்கேயே திருத்துவார்கள், பிடிவாதம் பிடித்தால் கண்டிப்பார்கள். தொழிலைக் காக்கும் தணிக்கை முறை இது. புனித நகரமான இலே-இஃபேயில் இவர்களுக்குத் தலைமை தாங்குபவரின் பட்டம் அரபா.

வான்டே அபிம்போலா என்ற பெயரை இங்கே சொல்லியாக வேண்டும். முறையாகப் பயின்ற பாபலாவோ, கூடவே பல்கலைக்கழகப் பேராசிரியர். 1980களில் இஃபே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். பழைய பாபலாவோக்களிடம் கேட்டுக் கேட்டு எசேகளைப் பதிவு செய்து அச்சிட்டவர்களில் முன்னோடி. படிப்பறியாதவர்களின் மூடநம்பிக்கை என்று இஃபாவைத் தள்ளிவிடுபவர்கள் அவருடைய வாழ்க்கையை ஒருமுறையாவது திரும்பிப் பார்க்கட்டும்.

பெண்களும் பதினாறு சோழிகளும்

பாபலாவோவின் வேலை மரபாகவே பெரும்பாலும் ஆண்களுடையது. பெண்களுக்கும் முழுத் தீட்சை உண்டா என்பதில் இன்று யொரூபா நாட்டிலும் வெளிநாடுகளிலும் சூடான வாதம் நடக்கிறது. இயானிஃபா என்ற பட்டத்தோடு பல பெண்கள் தீட்சை பெற்றிருக்கிறார்கள். சில மரபுகள் அதை ஏற்பதில்லை.

ஆனால் குறி பார்ப்பதே ஆண்களின் தனியுரிமை என்று நினைத்தால் அது தவறு. ஒலோரிஷாக்கள், ஆணும் பெண்ணும், 16 சோழிகளை வீசிக் குறி பார்க்கிறார்கள். மெரிந்திலோகுன் என்று பெயர். பொருளும் 'பதினாறு' என்பதே. எத்தனை சோழிகள் வாய் மேல்நோக்கி விழுகின்றன என்று எண்ணுவார்கள். ஒன்றுமில்லை என்பதிலிருந்து பதினாறு வரை 17 விடைகள், ஒவ்வொன்றுக்கும் பாடல்கள். ஒருன்மிலாவின் மனைவியான ஒஷுன் இந்த முறையைக் கைக்கொண்டார் என்பது புராணம்.

அந்தச் சோழிகள் வந்த வழி நம் கடலைத் தொட்டுச் செல்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் புழங்கிய சோழிகளில் பெரும்பகுதி மாலத்தீவுக் கடலில் எடுக்கப்பட்டது. இந்தியப் பெருங்கடல் வணிகர்களின் கைமாறி, பின்னர் ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி, அங்கே பணமாகப் புழங்கியது. அடிமை வணிகத்தில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டதும் அதே சோழிதான். அதே சோழியைக் கையில் எடுத்து, என் மகள் எப்போது கருவுறுவாள் என்று ஒரு தாய் ஒஷுனிடம் கேட்டதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

ஏமாற்றுக்காரர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். பணம் பறிப்பவர்கள், பயமுறுத்திப் பிழைப்பவர்கள், பத்துப் பாடல்கூடத் தெரியாமல் சங்கிலி எறிபவர்கள் எல்லாம் உண்டு. எல்லாச் சமயத்திலும் இருப்பதுபோல். மரபு இதற்கென்று சில தடைகளை வைத்திருக்கிறது. கேள்வியைச் சொல்லாமல் முணுமுணுப்பது அதில் ஒன்று; ஆளின் முகத்தையும் பேச்சையும் பார்த்துக் கதை கட்டுவது கடினமாகிறது. ஐயம் இருந்தால் இன்னொரு பாபலாவோவிடம் போய்ப் பார்ப்பதும் இயல்பானது. இஃபாவைக் கொண்டு செல்வம் சேர்ப்பவர் நல்ல பாபலாவோ இல்லை என்பது அவர்களுக்குள்ளேயே நிலவும் அளவுகோல். எளிய வாழ்க்கை எதிர்பார்க்கப்படுகிறது.

இஃபா உண்மையிலேயே எதிர்காலத்தை அறியுமா என்பது நம்பிக்கை சார்ந்தது. அதை அவரவரிடம் விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: எழுத்தில்லாமல் இவ்வளவு பெரிய இலக்கியத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தலையில் சுமந்தவர்களை 'மந்திரவாதி' என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிடுவது அநியாயம்.

கடல் கடந்தும், இன்றும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓயோ பேரரசு சிதைந்தது. உள்நாட்டுப் போர்களில் பிடிபட்ட யொரூபாக்கள் கூட்டம் கூட்டமாக கியூபாவுக்கும் பிரேசிலுக்கும் அடிமைகளாக அனுப்பப்பட்டார்கள். தெய்வங்களும் அவர்களோடு போயின. கியூபாவில் பாபலாவோக்களின் வரிசை அறுபடாமல் தொடர்ந்தது. பிரேசிலின் பாஹியாவில் ஆலயங்களைத் தாய்மார்கள் நடத்தினார்கள். அங்கே ஒபெலேயைவிடச் சோழிகளே நிலைத்தன. இன்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து தீட்சை பெறுவதற்காக நைஜீரியாவுக்கு வருபவர்கள் உண்டு.

2005இல் யுனெஸ்கோ இஃபாவை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. ஆகஸ்ட் 20ஆம் நாள் இஷேஷே நாளாகக் கொண்டாடப்படுகிறது. இஷேஷே என்றால் மூல மரபு. 2023இல் லாகோஸ் மாநில அரசு அந்த நாளையொட்டி விடுமுறை அறிவித்தது. எதிர்ப்பும் இருக்கிறது. பிள்ளைகளை பாபலாவோவிடம் விட்டுப் படிக்கவைக்கும் குடும்பங்கள் குறைந்துவிட்டன. பள்ளி நேரம் போக மிச்சமுள்ள நேரத்தில் ஆயிரக்கணக்கான பாடல்களை எந்தப் பிள்ளை மனப்பாடம் செய்யும்?

பனங்கொட்டைகள் வந்த கதையே ஒரு பிள்ளையைப் பற்றியதுதான். ஒருன்மிலா பூமியில் வாழ்ந்தபோது அவருக்கு எட்டுப் பிள்ளைகள். ஒரு விழாவில் ஏழு பேரும் ஒருவர்பின் ஒருவராக வணங்கி, 'அபொரு, அபொயே, அபொஷிஷே' என்று வாழ்த்தினார்கள். படையல் செல்லட்டும், படையல் ஏற்கப்படட்டும், படையல் பலிக்கட்டும் என்பது அதன் கருத்து. கடைசி மகன் ஓலோவோ நின்றபடியே இருந்தான். நீயும் முடி தரித்தவன், நானும் முடி தரித்தவன், நான் ஏன் வணங்க வேண்டும் என்றான். ஒருன்மிலா கோபத்தோடு விண்ணுக்குப் போய்விட்டார். பூமியில் மழை பொய்த்தது, கருவுற்ற பெண்களுக்குப் பேறு நிகழவில்லை, கிழங்கு முற்றவில்லை. பிள்ளைகள் விண்ணுக்குப் போய் மன்றாடினார்கள். அவர் திரும்பி வர மறுத்தார். ஆளுக்குப் பதினாறு பனங்கொட்டைகளைக் கொடுத்து, இனி என்னிடம் பேச வேண்டுமானால் இவற்றிடம் கேளுங்கள் என்றார்.

இபாடானில் அந்தத் துணி வியாபாரி போன வீட்டின் வாசலிலும் அவர் முதலில் சொல்லியிருக்கக்கூடிய சொற்கள் அவைதான்: அபொரு, அபொயே.